நடுச்சுவரில் கை வைக்கும் முன்

கேள்வி: சென்னை மண்ணடியில் தாத்தா காலத்து வீட்டின் கீழ்த்தளத்தில் ஓவியக் காட்சியகம் நடத்துகிறோம். பக்கத்து வீடும் இப்போது எங்கள் கைக்கு வந்துவிட்டது. நடுச்சுவரை எடுத்துப் பெரிய கூடமாக்கி, மாடியிலும் ஓவியங்கள் வைக்கலாமா?

பதில்: நடுச்சுவரை எடுக்காதீர்கள். கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள், தேக்குக் கட்டைகள் எங்கே போய் உட்காருகின்றன என்று. குறுகலான மனைகளில் கட்டைகள் பெரும்பாலும் குறுக்கே ஓடி அந்தச் சுவரில்தான் முனை பதித்திருக்கும். அப்படியென்றால் இரண்டு வீட்டு மாடியையும் தாங்குவது அதுதான். மூன்றரை அடி அகலத்தில் ஒரே ஒரு வாசல் போதும். அதையும் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லும் இடத்தில், முட்டுக்கொடுத்து, மேலே உத்தரம் செருகிய பிறகே திறக்க வேண்டும்.

அப்புறம், கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் முனை இறங்காது. பொசுக்கென்று உள்ளே போனால் ஈரமோ கரையானோ தின்றிருக்கிறது என்று அர்த்தம். கட்டைமேல் செங்கல்லைக் குத்தி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்த மெட்ராஸ் டெரஸ் தளம், குடும்பம் புழங்குவதற்காகப் போட்டது. இன்றைய கணக்கில் வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ எடை தாங்க வேண்டும். கூட்டம் சேரும் இடமென்றால் 400 முதல் 500 கிலோ. அதனால் திறப்பு விழாவும் கூட்டமும் கீழேயே இருக்கட்டும். மாடியில் ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

சுவருக்கு சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். துறைமுகப் பக்கத்து உப்புக்காற்றும் தரை ஈரமும் ஏறிய சுவர் அது. சிமெண்ட் அந்த ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். இப்படிப் பூசிய ஒரு கூடத்தில் கித்தானைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் முழுக்கப் பூஞ்சை. மனசு கேட்கவில்லை. சுண்ணாம்பே பூசுங்கள், படங்களை ஓர் அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள்.

முற்றத்தை மூடாதீர்கள், காற்று வருவதே அதன் வழியாகத்தான். அங்கே கருங்கல் சிற்பம் வைக்கலாம். வெண்கலம் வேண்டாம், உப்பு அரித்துவிடும். நீர்வண்ண ஓவியத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வெளிச்சமே போதும் என்பதால் அவை உள்ளறைக்குத்தான்.

லிஃப்ட், கழிப்பறை, ஏசி எந்திரங்களைப் பின்கட்டில் தனி அஸ்திவாரத்தில், பழைய சுவரைத் தொடாமல் கட்டுங்கள். இத்தாலியில் வெரோனா நகரத்தின் காஸ்டல்வெக்கியோ என்ற பழைய கோட்டை அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா புதிய தரையைக்கூடப் பழைய சுவருக்குச் சற்று முன்பே நிறுத்தியிருக்கிறார்.

வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சிஎம்டிஏ) கேளுங்கள். இருந்தால், அனுமதி கைக்கு வரும்வரை ஒரு செங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம்.