பீரோவுக்குள் கதைப் புத்தகங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 32 பிள்ளைகள். பீரோ நிறையக் கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கொடுத்தால், படம் பார்த்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் திருப்பித் தந்துவிடுகிறார்கள். பத்துப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். கதைச் சுருக்கம் எழுதச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. புத்தகம் கிழிந்தால் யார் பொறுப்பு என்கிறார் தலைமையாசிரியர். எங்கிருந்து தொடங்குவது?

ஆர்., விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் வாசித்துக் காட்டுவதிலிருந்து தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு பீரியட் போதாது. தினமும் மதியச் சாப்பாடு முடிந்து வந்ததும் 20 நிமிடம் ஒதுக்குங்கள்: பாதி நேரம் நீங்கள் வாசிக்க, மீதி அவர்கள் விரும்பியதை எடுத்துப் புரட்ட.

வீட்டில் “அவங்க வந்தாங்க” என்று பேசுகிற குழந்தை, “அவர்கள் வந்தார்கள்” என்று எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று கண்டுபிடிப்பதில்லை. புத்தகத் தமிழ் முன்பே காதில் விழுந்திருந்தால், பாதி படிக்கும்போதே மீதி வந்துவிடும். அதனால் வாசிக்கையில் பேச்சுத்தமிழுக்கு மாற்றாதீர்கள். அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். கதையைப் பற்றிப் பேசும்போது தாராளமாக அவர்கள் பேச்சிலேயே பேசலாம். நடுவில் நிறுத்திச் சொற்பொருள் சொல்ல வேண்டாம். ஓரிரு இடத்தில், பக்கத்தைப் புரட்டும் முன், “இப்ப என்ன ஆகும்?” என்று கேட்டால் போதும்.

ஒரே புத்தகத்தை மூன்று நாள் தொடர்ந்து வாசியுங்கள். மூன்றாம் நாள் பிள்ளைகளே வாக்கியத்தை முடிப்பார்கள். அன்றைக்கே அந்தப் புத்தகத்தை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். எழுத்துக்கூட்டுகிற பத்துப் பேரும் முதலில் எடுப்பது அதைத்தான். மனப்பாடமாகச் சொல்கிறான் என்று தடுக்க வேண்டாம். வரிக்குக் கீழே விரலை ஓட்டச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இந்தப் பத்துப் பேரும் எங்கே தடுக்குகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘கொ’வில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாய் முதலில் சொல்ல வேண்டியதோ ககரம். ‘எடுத்துக்கொண்டிருந்தாள்’ போன்ற நீளச் சொல்லில் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் பாதி மறந்துபோகும். இவர்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியே உள்ள, ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிற கதைகள் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள், ‘நுழை’யை எடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அங்கே முதல் நிலைக் கதைகள் 250 சொல்லுக்குள் இருக்கும்.

படிக்க முடியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்கி, ஐந்தானால் புத்தகத்தை மாற்று என்று ஒரு வழி சொல்வார்கள். பக்கத்துக்கு நூறு சொல் இருந்தால் அது சரி. 20 சொல் உள்ள பக்கத்துக்கு இரண்டு விரலே அதிகம்.

கதைச் சுருக்கத்தை இன்றே நிறுத்துங்கள். “இதில் வரும் நீதி என்ன?” என்ற கேள்வியும் வேண்டாம். பின்னால் பரீட்சை வருகிறது என்று தெரிந்தால் எந்தக் குழந்தையும் ஆசையாகக் கதைக்குள் போகாது. எத்தனை புத்தகம் படித்தாய் என்று எண்ணிப் பரிசு கொடுத்தால் ஒல்லிப் புத்தகங்களாகவே தேடி எடுப்பார்கள். வரிசையாக ஒவ்வொருவரும் எழுந்து ஒரு பத்தி படிப்பதும் பயன்படாது. தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளை கதையைக் கேட்பதில்லை.

பீரோவைத் திறந்து 40 புத்தகம் வெளியே வையுங்கள், மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முதுகு தெரிய அடுக்கினால் ஒல்லிப் புத்தகம் கண்ணில் படாது. அட்டை தெரிய, சுவரோரம் ஒரு பலகையில் சாய்த்து வையுங்கள். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், பிள்ளைகள் இழுக்கிற இழுப்பில் அட்டை பின்னோடு பிய்ந்து வரும். வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள், ஒரு நோட்டில் பெயர், புத்தகம், தேதி மூன்றையும் பிள்ளையே எழுதட்டும்.

தலைமையாசிரியரிடம் ரங்கநாதனைச் சொல்லிப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். 16 பக்கப் புத்தகத்தில் முதலில் கழல்வது நடுத்தாள். பிள்ளைகளிடம் கொடுக்கும் முன்பே நடு மடிப்பில் மூன்று துளை போட்டுக் கெட்டி நூலால் தைத்துவிடுங்கள். கிழிசலுக்குச் செலோ டேப் வேண்டாம், நாளடைவில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மெல்லிய வெள்ளைத்தாள் கீற்றை ஃபெவிகால் தொட்டு ஒட்டுங்கள். கிழிந்ததைப் போட ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள்; தானே கொண்டுவந்து போடுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள்.