முதல் ஷாட்கன்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஸ்போர்ட்டிங் கிளேஸ் (பறக்கவிடும் களிமண் தட்டுகளை ஷாட்கன்னால் சுடும் விளையாட்டு) பக்கம் புதிதாக வந்தவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். உரிமம், வயது வரம்பு எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை உங்கள் கிளப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளப் துப்பாக்கியில் நாலு தடவை சுட்டேன், பித்துப் பிடித்துவிட்டது. எந்தக் கம்பெனி வாங்கலாம் சார்?

கம்பெனிக்குக் கடைசியில் வருவோம். ரைஃபிளில் குறிபார்க்க முன்னும் பின்னும் ஏதாவது இருக்கும். ஷாட்கன்னில் பின்னால் ஒன்றும் கிடையாது. உங்கள் கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. கன்னம் கட்டையில் (தோளில் வைக்கும் பின்பகுதியில்) படியும் இடம் கொஞ்சம் மாறினாலும் ரவை போய்ச் சேரும் இடம் மாறும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது அளவு.

கடையில் இதைச் செய்து பாருங்கள். துப்பாக்கியைத் திறந்து காலிதான் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், கடைக்காரரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லாத சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுங்கள். கன்னம் இயல்பாகப் படிந்த பிறகு கண்ணைத் திறங்கள். குழலின் பின்பக்க இரும்பு மட்டும் கண்ணை மறைத்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. குழலின் மேலே ஓடும் பட்டை முழுக்க ரோடு மாதிரி நீண்டு தெரிந்தால் உயரம் அதிகம். பட்டை லேசாகத் தெரிந்து, அதன்மேல் பதித்த நடு மணியும் முனை மணியும் ஒன்றின்மேல் ஒன்றாக 8 போல உட்கார்ந்தால் கிட்டத்தட்ட சரி. பத்துத் தடவை ஏற்றினாலும் அப்படியே வர வேண்டும்.

நான் முதலில் வாங்கியது செதுக்கு வேலைப்பாட்டைப் பார்த்து மயங்கி வாங்கியது. கட்டை எனக்கு நீளம். ஏற்றும்போதெல்லாம் அதன் அடிப்பக்கம் அக்குளில் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வருஷம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: மேல்-கீழ் இரட்டைக்குழலா, செமி ஆட்டோவா?

இரண்டிலும் நன்றாகச் சுடலாம். செமி ஆட்டோ என்றால் ஒன்று சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே ஏறும். ஸ்போர்ட்டிங்கில் பெரும்பாலும் தட்டுகள் ஜோடியாக வரும், இரண்டு தோட்டாவுக்கு மேல் போட வேலையில்லை. இரட்டைக்குழலில் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு சோக் (ரவை எவ்வளவு பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும், குழல் முனையில் உள்ள குறுக்கம்) வைக்கலாம். கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று என்று வரும் ஜோடிக்கு அது வசதி. மடக்கித் திறந்தால் காலி என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். கிளப்பில் இதற்குத் தனி மரியாதை உண்டு.

வெடிப்பின் வாயுவில் (கேஸ்) இயங்கும் செமி ஆட்டோவின் பலம் தோளுக்கு இதமாக இருப்பது. வெடிப்பின் அழுத்தத்தில் ஒரு பங்கு இயந்திரத்தை ஓட்டப் போகிறது. உதை ஒரே அடியாக விழாமல் பரவி விழுகிறது. ஆனால் அடிக்கடி துடைக்க வேண்டும். காலி உறை பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். தோள், கழுத்து வலி உள்ளவர் என்றால் யோசிக்காமல் இதை வாங்குங்கள். மற்றவர்களுக்கு என் ஓட்டு இரட்டைக்குழலுக்கு.

பம்ப் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்துத் தள்ளி ஏற்றும் வகை) வேண்டாம். முதல் தட்டை அடித்துவிட்டு இழுத்துத் தள்ளுவதற்குள் இரண்டாவது தட்டு புல்லில் கிடக்கும்.

கேள்வி: மகளுக்கு 15 வயது, ஒல்லியான உடம்பு. லேசான 20 கேஜ் வாங்கினால் உதை குறையும்தானே?

நிறையப் பேர் விழும் குழி இது. கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் கூடினால் குழல் சிறிது. உதையைத் தீர்மானிப்பது அந்த எண் இல்லை. தோட்டாவின் கனமும் வேகமும், துப்பாக்கியின் எடையும்தான். அதே தோட்டாவைக் கால் பங்கு எடை குறைந்த துப்பாக்கியில் போட்டால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு ஏறும். அதனால் கேஸ் செமி ஆட்டோ, குட்டைக் கட்டை, 24 கிராம் ரவை உள்ள தோட்டா என்று போங்கள். 12 கேஜோ 20 கேஜோ, பரவாயில்லை. அவரால் பத்து நிமிஷம் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்ப முடிகிற எடையா என்று மட்டும் பாருங்கள்.

வீட்டில் இரண்டு கேஜும் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய்ச் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று பின்னாலேயே 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும், விரல் போகும். 20 கேஜ் உறைகள் மஞ்சளாக வருவதே இதற்காகத்தான். இரண்டையும் ஒரே பையில் போடவே கூடாது.

கேள்வி: குழல் 28 அங்குலமா, 30ஆ, 32ஆ?

30. குள்ளமானவர் என்றால் 28 போதும். நீளக் குழலில் ரவை அதிக தூரம் போகும் என்பது கதை. தட்டோடு துப்பாக்கியைத் திருப்புவது சீராக வரும், அவ்வளவுதான். செமி ஆட்டோவில் ரிசீவரே (குழலுக்குப் பின்னால் இயந்திரம் இருக்கும் பெட்டி) நீளம், அதனால் அங்கே 28 எடுத்தாலும் கையில் 30 போலத்தான் இருக்கும்.

கேள்வி: பெட்டியில் ஐந்து சோக் வந்திருக்கிறது. எப்போது எதைப் போடுவது அண்ணா?

ஒரு குழலில் இம்ப்ரூவ்டு சிலிண்டர் (லேசான குறுக்கம்), இன்னொன்றில் மாடிஃபைடு (நடுத்தரக் குறுக்கம்). ஆறு மாதம் மற்ற மூன்றையும் மறந்துவிடுங்கள். தட்டு தப்புவது சோக்கினால் இல்லை, தட்டோடு திரும்ப வேண்டிய துப்பாக்கியை நீங்கள் பாதியில் நிறுத்திவிடுவதால். ஆனால் சோக் இறுகியிருக்கிறதா என்று இடையிடையே பாருங்கள், துப்பாக்கியைத் திறந்து காலியாக்கிய பிறகு.

கேள்வி: வலது கைக்காரன், ஆனால் இடது கண்தான் ஓங்கியிருக்கிறது என்கிறார்கள். வாங்கும் முன் இது முக்கியமா?

ரொம்ப முக்கியம். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் ஒரு பொருளை அதன் வழியே இரண்டு கண்ணாலும் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் கண். அது இடது என்றால், புதியவர் என்பதால் இடது தோளுக்கே பழகிவிடலாம்; அப்போது கட்டையின் வளைவும் இடப்பக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மனம் ஒப்பவில்லை என்றால் இடது கண்ணாடியில் சின்ன டேப் ஒட்டிச் சுடுங்கள். நிறையப் பேர் அப்படித்தான் சுடுகிறார்கள்.

கேள்வி: நண்பரின் டிராப் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

டிராப் இன்னொரு தட்டு சுடும் விளையாட்டு. அதில் தட்டு எப்போதும் எழும்பிப் போகும், அதனால் அந்தத் துப்பாக்கி வேண்டுமென்றே மேலே அடிக்கும். ஸ்போர்ட்டிங்கில் தட்டு இறங்கும், குறுக்கே போகும், முயல் என்று சொல்லும் தட்டு தரையில் உருண்டு ஓடும். முயலின் தலைக்கு மேலேயே சுட்டுக்கொண்டிருப்பீர்கள். கட்டையின் மேல்பகுதியை இறக்கி ஏற்றும் வசதி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: சரி, இப்போதாவது கம்பெனி பெயர் சொல்லுங்கள்! பழையது வாங்கினால் எதைப் பார்ப்பது?

இரட்டைக்குழலில் பெரெட்டா 686, பிரௌனிங் சிட்டோரி, மிரோகு. (சிட்டோரியைச் செய்வதே ஜப்பானின் மிரோகுதான்.) செமி ஆட்டோவில் பெரெட்டா ஏ400. உதிரிபாகம் கிடைக்கும், விற்றாலும் விலை போகும். இவற்றில் உங்கள் கன்னத்துக்கு எது படிகிறதோ அது.

பழையது என்றால் முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) கழற்றிவிட்டு, குழலை மூடி, பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. திறக்கும் லீவர் மூடியபின் கொஞ்சம் வலப்பக்கமே நின்றால் நல்லது. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் நிறைய ஓடிய துப்பாக்கி. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். நிழல் வளையம் ஒன்று தெரிந்தால், எப்போதோ அடைப்போடு சுட்டு வீங்கிய குழலாக இருக்கலாம். விலை எவ்வளவு குறைந்தாலும் அதைத் தொடாதீர்கள்.