நிழல் நிலையம் ஓரத்தில் வளர்கிறதா? போர்டு வாங்காதீர்கள்

கேள்வி: இசிஇ கடைசி ஆண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக 7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் கிட் ஒன்றைச் செய்து, அதன் ஐ, க்யூ வெளியீடுகளை யூஎஸ்பி சவுண்டு கார்டு வழியாக லேப்டாப்பில் அலைவரிசைப் படமாகப் பார்க்கிறேன். சாம்பிள் வேகம் (நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸ். எந்த நிலையம் வந்தாலும் நடுக்கோட்டுக்கு மறுபக்கம் அதன் நிழலும் வருகிறது. நடுவை ஒட்டி நிழல் சிறியது. ஓரத்தில் நிஜத்தையே மிஞ்சுகிறது. ‘பேஸ் இம்பேலன்ஸ்’ (கோணப் பிசகு) என்று சொல்லி, அதைத் திருத்தும் போர்டுக்கு ஒரு புராஜெக்ட் சென்டரில் 12,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பணம் பையிலேயே இருக்கட்டும். ஓரத்தில் நிழல் நிஜத்தை மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. நிஜமான பேஸ் இம்பேலன்ஸ் இப்படி நடந்துகொள்ளாது.

ஐ, க்யூ இரண்டும் ஒரே சிக்னலின் இரண்டு பிரதிகள். ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் கணக்கில் நிழல் அடிபட்டுப் போகும். அந்த 90, 91 ஆகிவிட்டால் நிழல் நிஜத்தைவிடச் சுமார் 41 டெசிபல் கீழே தெரியும். 95 ஆனால் 27 டெசிபல் கீழே. உங்கள் கிட்டின் ஆஸிலேட்டர் பக்கம் ஒரு நானோ விநாடி பிசகினால்கூட 7 மெகாஹெர்ட்ஸில் அது இரண்டரை டிகிரிதான். முக்கியமான விஷயம், அந்தப் பிசகு திரை முழுவதும் ஒரே அளவாக இருக்கும். நடுவில் குறைந்து ஓரத்தில் ஏறாது.

உங்களுடையது ஏறுகிறது. அப்படியானால் சவுண்டு கார்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். மலிவான சில கார்டுகளில் இடது, வலது சேனல்களை ஒரே கணத்தில் அளப்பதில்லை. ஒன்று மற்றதைவிட ஒரு சாம்பிள் பிந்தி வருகிறது. பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. உங்களுக்கு இதுதான் வில்லன். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் என்பது ஏறக்குறைய 21 மைக்ரோ விநாடி. நடுவிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் நிலையத்துக்கு அது ஏழரை டிகிரி. நிழல் 24 டெசிபல் கீழே இருக்கும், பெரிதாக உறுத்தாது. 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போனால் அதே தாமதம் 75 டிகிரி. நிழலும் நிஜமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். 12-இல் இரண்டும் சரிசமம். 20-இல் 150 டிகிரி ஆகி, நிழல் நிஜத்தைவிட 11 டெசிபல் உயரமாக நிற்கும். நீங்கள் பார்த்தது இதையேதான். போர்டில் இருக்கும் டிரிம்மர் (திருகிச் சரிசெய்யும் பாகம்) எல்லா நிலையத்துக்கும் ஒரே கோணத்தைத்தான் திருப்பும். ஓரிடத்தில் நிழலை அமுக்கினால் இன்னோரிடத்தில் கிளம்பும். 12,000 இல்லை, லட்சம் கொடுத்தாலும் அப்படித்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கிட்டைக் கழற்றிவிட்டு, கார்டின் இடது வலது இரண்டு உள்ளீடுகளையும் ஒன்றாக இணையுங்கள். போனிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியை, வால்யூமைக் குறைத்து வைத்து, ஊட்டுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து, புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். இரண்டு அலைகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக நிற்க வேண்டும். ஒன்று ஒரு புள்ளி நகர்ந்திருந்தால் திருடன் அகப்பட்டான்.

மருந்து இலவசம். குனூ ரேடியோ மென்பொருளில் ‘டிலே’ (தாமதம்) பிளாக்கில் 1 என்று போட்டு, முந்தி வரும் சேனலில் வையுங்கள். க்விஸ்க் மென்பொருளிலும் இதற்கென்றே ஒரு அமைப்பு உண்டு. தவறான சேனலில் வைத்தால் பிசகு இரண்டு சாம்பிளாகி நிழல் இன்னும் மோசமாகும். அப்போது மறு சேனலுக்கு மாற்றினால் போதும்.

அப்புறம் மிச்சம் இருப்பதுதான் உண்மையான இம்பேலன்ஸ். இதற்கும் போர்டு தேவையில்லை. முதலில் இரண்டு சேனலின் சராசரியையும் கழித்து பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு உயரத்தைச் சமன் செய்யுங்கள். இதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் உயரத்தில் 1 டெசிபல் வித்தியாசம் இருந்தால் கோணம் துல்லியமாக இருந்தாலும் நிழல் 25 டெசிபலுக்குக் கீழே இறங்காது. அதன்பின் ஐ-யையும் க்யூ-வையும் பெருக்கி வரும் சராசரியை, ஐ-யின் வர்க்கச் சராசரியால் வகுங்கள். கிடைப்பது பிசகுக் கோணத்தின் சைன். ஐ-யை அந்த சைனால் பெருக்கி க்யூ-விலிருந்து கழித்து, அதே கோணத்தின் கோசைனால் வகுத்தால் வேலை முடிந்தது. பைத்தானில் நாலைந்து வரிதான்.

நிழல் எல்லா இடத்திலும் நிஜத்தின் அதே உயரத்தில் நிற்கிறது என்று எழுதியிருந்தால் என் பதில் வேறு: உங்கள் கார்டின் மைக் உள்ளீடு மோனோ, ஒரு சேனல் உள்ளே போகவே இல்லை. பெட்டியில் ‘ஸ்டீரியோ’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் ஹெட்போன் பக்கத்துக்கு மட்டும்தான். ஸ்டீரியோ லைன்-இன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த சென்டர்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாடப்புத்தகம் இரண்டு மிக்ஸரை வரைந்து, நடுவில் 90 என்று ஒரு கட்டம் போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. லேபில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருந்தாலும் இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில்தான் அதன் உறையைக் கழற்றுகிறார்கள். ரெவ்யூவில் கேட்பது சிமுலேஷன் வளைவு. சாலிடர் வாசனையே படாதவனுக்கு முழு மதிப்பெண். இப்படி இருந்தால் ரெடிமேட் போர்டும் ரெடிமேட் ரிப்போர்ட்டும் விற்பவனுக்குக் கடை திறக்க நாமே இடம் கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

வைவாவுக்கு இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போங்கள்: டிலே 0, டிலே 1. நிலையம் நடுவிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கட்டும். நிழல் எத்தனை டெசிபல் இறங்கியது என்று இரண்டிலும் குறித்து வையுங்கள். கார்டையோ சாம்பிள் வேகத்தையோ மாற்றினால் ஆடாசிட்டி சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய எண் அங்கே பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.