கட்டிப்போட்ட காப்ளினைக் கொன்றதால் என் பாலடினின் சக்தி போய்விடுமா?

கேள்வி: வேளச்சேரியில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஐந்தாம் பதிப்பு) விளையாடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு. நான் பாலடின், அதாவது சபதம் எடுத்து அதனால் தெய்வீகச் சக்தி பெற்ற வீரன். காப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்று சரணடைந்தது, அதைக் கட்டிப்போட்டு விசாரித்தோம். தகவல் கிடைத்ததும் எங்கள் அணியின் ரோக் (திருட்டு வேலை தெரிந்த பாத்திரம்) அதன் கழுத்தை அறுத்துவிட்டான். நான் தடுக்கவில்லை. 'உன் சக்தியெல்லாம் போச்சு' என்கிறார் ஆட்டம் நடத்தும் டிஎம். காப்ளின் தீய இனம்தானே, இதில் என் தப்பு என்ன?

பதில்: சக்தி போகவில்லை, கவலைப்படாதீர்கள். தீச்செயல் செய்தவுடன் பாலடின் எல்லாவற்றையும் இழப்பது பழைய பதிப்புகளின் சட்டம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சக்தி நீங்கள் எடுத்த சபதத்தைப் பொறுத்தது. வேண்டுமென்றே அதை மீறி, வருந்தவும் மறுத்தால்தான் பெரிய தண்டனை. பக்திச் சபதம் என்றால் எதிரிக்கும் இரக்கம் காட்டச் சொல்கிறது. பழிவாங்கும் சபதம் அப்படிச் சொல்லவில்லை. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

ஆனால் கொன்றது தப்புதான். ஆயுதம் இல்லை, கை கட்டியிருக்கிறது, கேட்டதையும் சொல்லிவிட்டான். அப்புறம் எதற்கு அறுக்க வேண்டும்? 'தீய இனம்' என்பது பதிலாகாது. புத்தகத்தில் போட்டிருக்கும் குணம் பொதுவானது, டிஎம் விரும்பினால் மாற்றலாம் என்று அதே புத்தகம் சொல்கிறது. அசுவத்தாமன் இரவில் வெட்டியதும் எதிரிகளைத்தான். தூங்கியவர்களை வெட்டியதை யாரும் வீரம் என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு விலக்கு சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள்: ட்ரோல் என்ற பெரிய அரக்கன். வெட்டி விழுந்துவிட்டது, அசையவில்லை, பாவம் என்று விட்டுவிடாதீர்கள். 2014 விதிப்படி ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு 10 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) திரும்ப ஏறும். நெருப்போ அமிலமோ பட்டால்தான் அந்த ஏற்றம் ஒரு சுற்றுக்கு நிற்கும், அப்போதுதான் சாகும். கீழே கிடக்கிற ட்ரோல் கதியற்ற எதிரி அல்ல, சில நொடிகளில் எழுந்து உங்கள் மந்திரவாதியைக் கிழிக்கப்போகிற எதிரி. அதை எரிப்பது கொடுமை ஆகாது. கட்டிப்போட்ட காப்ளின் அப்படி எழப்போவதில்லை.

இப்போது ஒரு எச்சரிக்கை. தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஆட்டம் நடத்துகிறவர்களில் சிலர் கைதியை வைத்தே பொறி வைப்பார்கள். விட்டால் படையோடு திரும்பி வருவான், கொன்றால் சக்தி போச்சு, கூட்டிப்போனால் ராத்திரியில் தப்பிப்பான். சக்தியை மீட்க இன்னொரு ஆட்டம், அதற்கும் காசு. இவர்களில் சிலர் ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்த விதிப் புத்தகமும் விற்கிறார்கள். அதில் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பின் கதியற்றவனை 'ஒரே வெட்டில் முடிக்கும்' விதியும் ஐந்தாம் பதிப்பும் கலந்து கிடக்கும். பணம் கொடுக்காதீர்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்திலும் இலவசம்.

புத்தகங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கொல்வதற்குப் பக்கம் பக்கமாக விதி, பிடித்தவனை என்ன செய்வது என்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதே ஆட்டத்தின் 1981 அடிப்படைத் தொகுப்பில், விரும்பினால் இரண்டு டைஸ் உருட்டி எதிரியின் மனஉறுதியைப் பார்க்கலாம், தோற்றவன் ஓடுவான் அல்லது பணிவான். 2014 பதிப்பிலும் மனஉறுதி விதி டிஎம் கையேட்டில் 'விரும்பினால்' என்றுதான் கிடக்கிறது. எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள்?

அடுத்த ஞாயிறு ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே டிஎம்மிடம் உட்கார்ந்து பேசுங்கள். சரணடைந்தவனை இந்த மேசையில் என்ன செய்வோம் என்று ரோக்கையும் வைத்து முடிவெடுங்கள். ஆயுதத்தைப் பிடுங்கி அனுப்பலாம், ஊர்த் தலைவரிடம் ஒப்படைக்கலாம், வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். விட்டவன் எப்போதாவது நன்றியோடும் திரும்பி வரவேண்டும் என்று டிஎம்மிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். உங்கள் பாலடின் அந்தக் காப்ளினைப் புதைத்துவிட்டு, ரோக்கிடம் 'இன்னொரு முறை நடந்தால் குறுக்கே நிற்பேன்' என்று சொல்லட்டும். விதி கேட்கும் வருத்தத்துக்கு அது போதும்.