சாட்சி சொன்னது ஒன்று, கமா சொல்வது இன்னொன்று

அமெரிக்க வழக்குகளின் டெபொசிஷன் (விசாரணைக்கு முன்பே, நீதிமன்றத்துக்கு வெளியே சாட்சியிடம் சத்தியப் பிரமாணத்தோடு வாங்கும் வாக்குமூலம்) ஆடியோவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் நண்பர்கள் சிலர் அனுப்பிய கேள்விகள் இவை.

சாட்சி 'ஹீ டோன்ட் நோ', 'ஐ சீன் ஹிம்' என்றெல்லாம் பேசுகிறார். திருத்தி அடிக்கலாமா? (கோவை)

கூடாது. அவர் வாயில் வந்த வார்த்தை அப்படியே நிற்க வேண்டும். நம் கைக்கு விட்டிருப்பது கமா, புள்ளி போன்ற நிறுத்தற்குறிகள் மட்டும்தான். 'ஐ சீன்' என்பதை 'ஐ சா' என்று மாற்றுவதா, 'ஐ ஹாவ் சீன்' என்று மாற்றுவதா, அதை முடிவு செய்ய நாம் யார்? திருத்த வேண்டுமென்றால் சாட்சிக்கே வழி இருக்கிறது. ஃபெடரல் சிவில் நடைமுறையின் 30ஆவது விதிப்படி, டெபொசிஷன் முடிவதற்குள் கேட்டுவைத்தால், டிரான்ஸ்கிரிப்ட் (நாம் அடித்துத் தரும் எழுத்துப் பிரதி) தயார் என்று தகவல் வந்த பிறகு படித்துப் பார்க்க 30 நாள் கிடைக்கும். என்ன மாற்றம், ஏன் மாற்றம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

'பிகாஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் கமா வராது என்று படித்தேன். எடிட்டர் ஓரிடத்தில் போடுகிறார், இன்னோரிடத்தில் எடுக்கிறார். எது சரி? (திருச்சி)

இரண்டுமே சரியாக இருக்கலாம். 'ஐ டிடின்ட் லீவ் பிகாஸ் ஹீ ஷவுட்டட்' என்று ஒரு பதில் வருகிறது. கமா இல்லாமல் படித்தால், 'கிளம்பினேன், ஆனால் அவன் கத்தியதற்காக இல்லை' என்று பொருள்படும். 'லீவ்' பக்கத்தில் ஒரு கமா வைத்தால் ஆள் கிளம்பவே இல்லை. அவன் கத்தியதுதான் காரணம். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குள் இருந்தாரா என்பதே வழக்காக இருந்தால் என்ன ஆகும், யோசியுங்கள்.

மூச்சு விடும் இடத்தில் கமா என்று பள்ளியில் சொன்னதை இங்கே நம்பாதீர்கள். சாட்சி தண்ணீர் குடிக்க நிறுத்தியிருப்பார். அடுத்த நாலைந்து கேள்விகளையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் கமா போட்டுவிட்டுப் போனேன். பத்துப் பக்கம் தள்ளி அதே மனிதர், வெளியே வந்து கார் சாவியைத் தேடிய கதையைச் சொன்னார். திரும்ப ஓடிப்போய் அந்தக் கமாவை எடுத்தேன். கேட்டும் பிடிபடவில்லையா? ஆடியோ நேரத்தைக் குறித்து எடிட்டரிடம் தள்ளிவிடுங்கள்.

பேச்சு நின்ற இடத்தில் மூன்று புள்ளி வைக்கலாமா? (மதுரை)

வேண்டாம். மூன்று புள்ளி என்றால் இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். வக்கீல் ஒரு ஆவணத்தை வாசிக்கும்போது நடுவில் சில வரிகளைத் தாண்டினால் அது பொருந்தும். சாட்சியத்தில் விடுபட்டது என்ற சந்தேகமே வரக்கூடாது. பேச்சைப் பாதியில் மாற்றினாலும், எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கே பாய்ந்தாலும் டேஷ்தான்: 'ஐ வென்ட் டு த -- ஐ வாஸ் அட் ஹோம்.'

முனகலை எப்படி அடிப்பது? (சேலம்)

நம் 'ம்ம்', 'ம்ஹூம்' மாதிரிதான். 'அ-ஹா' என்றால் ஆமாம், 'ஹா-அ' என்றால் இல்லை. எழுத்து இடம் மாறினால் பதிலே தலைகீழ். இரண்டையும் 'யெஸ்', 'நோ' என்று மாற்றாதீர்கள். தெளிவான பதிலை வாங்குவது வக்கீலின் வேலை.

மேற்கோள் குறிக்கு உள்ளேயா, வெளியேயா? (சென்னை)

நாம் படித்தது பிரிட்டிஷ் வழக்கம், அதனால்தான் கை தடுமாறுகிறது. அமெரிக்க முறையில் கமாவும் ஃபுல்ஸ்டாப்பும் எப்போதும் உள்ளே. செமிகோலன், கோலன் வெளியே. கேள்விக்குறி மட்டும், கேட்டது யார் என்று பார்த்துப் போட வேண்டும்.