ஆன்லைன் கேமில் நடையும் ஓட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: கிராபிக்ஸ் பிரமாதமாக இருந்தும் சில கேம்களில் மனசு ஒன்றுவதில்லை. ஏன்?

பதில்: முதலில் நடையைக் கவனியுங்கள். பட்டனை அழுத்திய பிறகு கேரக்டர் கொஞ்சம் யோசித்துக் கிளம்பினால்கூட, அது நீங்களாக இல்லாமல் நீங்கள் ஏவும் பொம்மையாகிவிடும். நகரும் வேகத்தோடு எடுத்துவைக்கும் அடி பொருந்தாமல் கால் தரையில் வழுக்கினாலும் இதே கதைதான்.

கேள்வி: ஓடும்போது திடீரென்று பின்னால் இழுத்துப் போட்டுவிடுகிறதே?

பதில்: அது ரப்பர்பேண்டிங். நீங்கள் நிற்கும் இடத்தை முடிவு செய்வது சர்வர், அதாவது கேமை நடத்தும் மையக் கணினி. பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், 100 மில்லிசெகண்ட் என்றால், ஒவ்வொரு அடிக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்து நகர்வது சகிக்காது. அதனால் உங்கள் கணினியே கணித்து முன்கூட்டி நகர்த்திவிடும். 1996இல் குவேக்வேர்ல்ட் என்ற இணையத் துப்பாக்கிச் சண்டை கேம் இப்படிச் செய்தது. கணிப்பும் சர்வர் கணக்கும் ஒத்துப்போகாதபோது சர்வர் சொன்ன இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். படம் மங்கலானால் பொறுத்துக்கொள்ளலாம், காலடித் தரையே நழுவினால் எப்படி ஒன்றுவது?

கேள்வி: சறுக்கித் தாவி ஓடுவதெல்லாம் நிஜத்தில் நடக்காதே, நம்பும்படியாகவா இருக்கிறது?

பதில்: இருக்கிறது. விதி ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறாமல் இருந்தால் போதும். அபெக்ஸ் லெஜண்ட்ஸில் எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் அடிபடாது. சில மணி நேரத்தில் அதுவே இயல்பாகிவிடும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். நிற்பதா ஓடுவதா என்ற அந்தத் தவிப்பே நம்மை உள்ளே இழுத்துவிடுகிறது.

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் பறக்கும் மவுண்ட் (ஏறிச் சவாரி செய்யும் பிராணி) வந்ததும் உலகமே சுருங்கிவிட்டது என்கிறார்களே?

பதில்: நானும் அந்தக் கட்சிதான். 2007இல் பர்னிங் குரூசேடு என்ற கூடுதல் தொகுப்போடு அது வந்தது. நடந்து போனால் பாதை தேட வேண்டும், மிருகங்களை ஒதுங்கிப் போக வேண்டும், வழியில் எதிரணி ஆள் நிற்கலாம். பறந்தால் எல்லாமே காலுக்குக் கீழே போய்விடும். கில்ட் வார்ஸ் 2 இதை அழகாகக் கையாண்டது. 2017இல் அதில் வந்த மவுண்ட்களில் ராப்டர் நீளமாகத் தாண்டும், ஸ்பிரிங்கர் உயரமாகக் குதிக்கும், ஸ்கிம்மர் தண்ணீர்மேல் மிதந்து போகும். எதில் ஏறுவது என்று முடிவெடுக்கவே நிலத்தைப் பார்த்தாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: ஓடும்போது எனக்குத் தலை சுற்றுகிறது.

பதில்: கேம் செட்டிங்கில், நடைக்கேற்பத் திரை குலுங்கும் தலை ஆட்டத்தையும் நகரும்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளரையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் அகலமாக்கிப் பாருங்கள்.