மாமனாரின் கொப்புளங்கள் அக்கிதானா?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறோம். தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் மாமனாருக்கு வயது 76. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. பனிக்கால வறட்சி என்று எண்ணெய் தடவி வந்தோம். இப்போது இரு தொடைகளிலும் வயிற்றிலும் கொப்புளங்கள். அக்கி என்று காவி எழுதியும் அடங்கவில்லை.

பதில்: அக்கி பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், நரம்பின் தடத்தையொட்டிப் பட்டையாக வரும், வலியும் எரிச்சலுமே அதில் முந்தும். மாதக்கணக்கில் அரித்த பிறகு, இரு பக்கமும் இறுகிய, எளிதில் உடையாத கொப்புளங்கள் எழுந்தால், முதியவர்களைப் பிடிக்கும் ‘புல்லஸ் பெம்பிகாய்ட்’ நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் புரதங்களை உடலின் எதிர்ப்பாற்றலே பகையென்று தாக்குவதால், பிணைப்பு விட்ட இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. இது தொற்றாது, பேரப்பிள்ளைகள் அவரருகில் படுக்கலாம்.

முதலில் அவருடைய மாத்திரை அட்டையைப் பாருங்கள். வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின் போன்ற ‘கிளிப்டின்’ வகை மருந்துகள் சிலருக்கு இந்நோயைத் தூண்டுவதுண்டு. அப்படி இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள்.

நோயை உறுதிசெய்யக் கொப்புளத்திலிருந்து ஒரு துணுக்கும், அதையொட்டிய நல்ல தோலிலிருந்து இன்னொன்றும் எடுப்பார்கள். இரண்டாவது, தோலில் படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோபுளோரசன்ஸ் சோதனைக்கானது. அதை, திசுக்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் வீண். மலையில் வசதி கிடைக்காவிட்டால் கோயம்புத்தூருக்கு இறங்கத் தயங்க வேண்டாம்.

குளோபெட்டசால் என்னும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பைத் தாராளமாகப் பூசுவதே முதல் சிகிச்சை. 2002-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், நோய் பரவலாக இருந்தவர்களில் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் களிம்புப் பிரிவில் 76 விழுக்காடு, ஸ்டீராய்டு மாத்திரைப் பிரிவில் 58. சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் சுமை. சிலருக்கு டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக்கும் உதவும். ஸ்டீராய்டு மாத்திரைதான் வேண்டுமென்றால், மருத்துவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் புழு பல்லாண்டுகள் ஒளிந்திருக்கலாம், ஸ்டீராய்டு கொடுத்தால் அது பெருகி உயிருக்கே உலை வைக்கும். தோட்டத்து வேலையை மருத்துவர் கேட்காமல் போகலாம், நீங்கள் சொல்லுங்கள்.

காவி எழுதியதைக் குறைசொல்லவில்லை, ஆனால் உடைந்த புண்மேல் மண் பட்டால் சீழ் பிடிக்கும். பெரிய கொப்புளத்தைச் செவிலியர் சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடிப்பார். மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுவே நல்ல கட்டு. கம்பளிக்குள் தளர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள். காய்ச்சல், சீழ், விழுங்க முடியாத வாய்ப்புண் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தினமும் காலையில் புதிதாக எழுந்த கொப்புளங்களை எண்ணி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மருந்தைக் குறைக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்ய அந்தக் கணக்கு தேவைப்படும்.